குண்டு படவில்லை... ஆனாலும் போர் வீரர் கல்லறை! சிவப்பு தொப்பி போலீசாரை பலி வாங்கிய இருட்டு ரோடுகள்

இங்கிலாந்தில் சின்ன சின்ன கிராமங்களுக்கு போனால் ஒரு காட்சியை பார்க்கலாம். பழைய தேவாலயம். அதைச் சுற்றி பாசி பிடித்து சாய்ந்து கிடக்கும் கல்லறைகள். அதற்கு நடுவே ஒரே ஒரு வெள்ளைக் கல் மட்டும் நிமிர்ந்து நிற்கும். இரண்டே முக்கால் அடி உயரம் கூட இருக்காது. மேலே ஒரு முத்திரை. கீழே பெயர், நம்பர், பதவி, இறந்த தேதி, வயது.

முத்திரையை உற்றுப் பார்த்தால் கிரீடம், இலை வளையம், உள்ளே மன்னர் ஆறாம் ஜார்ஜின் எழுத்து இருக்கும். அடியில் 'மிலிட்டரி போலீஸ்' என்று பொறித்திருப்பார்கள்.

இறந்த தேதியை பார்த்தால்தான் குழப்பம் வரும். 1940, 1941, 1942 என்று இருக்கும். அந்த ஊரில் அப்போது சண்டையே நடக்கவில்லையே? எதிரி ராணுவம் அந்த மண்ணில் கால் வைக்கவே இல்லையே? பிறகு எப்படி இவருக்கு போர் வீரர் கல்லறை?

விசாரித்தால் பல பேர் விஷயத்தில் பதில் ரொம்ப சாதாரணமாக இருக்கிறது. ரோட்டில் பைக் மோதி இறந்தார். லாரி இடித்து இறந்தார். அவ்வளவுதான்!

போர் காலத்தில் சொந்த நாட்டுக்குள்ளேயே டியூட்டி பார்த்து, விபத்தில் உயிரை விட்ட இந்த ராணுவ போலீஸ்காரர்களின் கதை அதிகம் பேசப்படாத ஒன்று. ஆனால் நம்ம ஊரில் தினமும் பைக் ஓட்டுகிற ஒவ்வொருவருக்கும் இதோடு ஒரு சம்பந்தம் இருக்கிறது. அது என்ன என்பதை கடைசியில் பார்ப்போம்.

யார் இந்த சிவப்பு தொப்பிக்காரர்கள்?

ராணுவத்துக்குள்ளேயே இருக்கிற போலீஸ்தான் ராணுவ போலீஸ். பிரிட்டிஷ் ராணுவத்தில் குதிரையில் போகும் போலீஸ், நடந்து போகும் போலீஸ் என்று இரண்டு பிரிவுகள் தனித்தனியாக இருந்தன. 1926-ல் இரண்டையும் ஒன்றாக்கினார்கள். தொப்பி மேல் சிவப்பு துணி உறை, கையில் 'எம்.பி.' பட்டை. அதனால் 'சிவப்பு தொப்பி' என்பதே அவர்களுக்கு பெயராகி விட்டது. நம் இந்திய ராணுவத்தின் போலீசும் சிவப்பு தொப்பிதான். அவர்களின் பயிற்சி மையம் பெங்களூருவில் இருக்கிறது.

1939-ல் போர் ஆரம்பித்தபோது பிரிட்டனின் ராணுவ போலீசில் இருந்தவர்கள் சில ஆயிரம் பேர்தான். 1945-ல் போர் முடிந்தபோது 50 ஆயிரத்தை தாண்டி விட்டது. 1946-ல் 'ராயல்' பட்டமும் கிடைத்தது.

இவர்களுக்கு என்ன வேலை? லீவு முடிந்தும் திரும்பாத சிப்பாயை பிடிப்பது. ரெயில் நிலையத்தில் நின்று பாஸ் பார்ப்பது. குடித்து விட்டு கலாட்டா செய்பவனை இழுத்துக்கொண்டு போவது. இதனால் சக சிப்பாய்களுக்கே இவர்களை கண்டால் ஆகாது. டிக்கெட் பரிசோதகரை பார்த்த மாதிரி முகத்தை திருப்பிக் கொள்வார்கள்.

சாதாரண சிப்பாயை அதட்டி கேள்வி கேட்க வேண்டும் என்றால் ஒரு அதிகாரம் வேண்டும் அல்லவா? அதனால் இந்த பிரிவில் சேருகிறவருக்கு குறைந்தபட்சம் 'லான்ஸ் கார்ப்போரல்' பட்டை கொடுத்து விடுவார்கள். நம்ம ராணுவத்தில் லான்ஸ் நாயக் என்போமே, அதே பதவி. கல்லறைகளில் பெரும்பாலும் இந்த பதவியே இருப்பதற்கு காரணம் இதுதான்.

ஆனால் இவர்களின் உயிருக்கு உலை வைத்தது ரவுடி சிப்பாய்கள் இல்லை. டிராபிக் டியூட்டி!

விளக்கு எரிந்தால் குற்றம்

1939 செப்டம்பர் 1. போர் அறிவிப்பதற்கு இரண்டு நாள் முன்னாலேயே பிரிட்டன் முழுக்க விளக்கை அணைத்து விட்டார்கள். ஜெர்மனி விமானங்கள் வெளிச்சத்தை பார்த்து குண்டு போட்டு விடக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. தெரு விளக்கு கிடையாது. வீட்டு ஜன்னலில் கறுப்பு துணி. கார், லாரி முன் விளக்கில் தகர மூடி. அதில் சின்ன கீற்று போல வெட்டி விட்டிருப்பார்கள். அந்த கீற்று வழியாக கொஞ்சம் வெளிச்சம் தரையில் விழும். எதிரே ஆள் வந்தால் தெரியாது.

நம்ம ஊரில் ஒரு மணி நேரம் கரண்ட் போனால் என்ன பாடு படுகிறோம்? அங்கே ஒரு நாள் இரண்டு நாள் இல்லை. ஐந்து வருஷம்! 1944 செப்டம்பரில்தான் கொஞ்சம் தளர்த்தினார்கள்.

விளைவு என்ன ஆனது? போருக்கு முந்தைய வருஷமான 1938-ல் பிரிட்டன் ரோடுகளில் செத்தவர்கள் 6 ஆயிரத்து 648 பேர். 1940-ல் 8 ஆயிரத்து 609 பேர். 1941-ல் 9 ஆயிரத்து 169 பேர். அதாவது ஒரு நாளைக்கு 25 பேர். அந்த நாட்டு சாலை வரலாற்றிலேயே அதுதான் மிக அதிகம். இன்று வரை அந்த எண்ணிக்கையை வேறு எந்த வருஷமும் தாண்டவில்லை.

இத்தனைக்கும் ரோட்டில் வண்டி குறைந்து விட்டது. 1939 செப்டம்பரிலேயே பெட்ரோலுக்கு ரேஷன் வந்து விட்டது. வண்டி குறைகிறது, சாவு கூடுகிறது! அப்போது மன்னரின் டாக்டர்களில் ஒருவராக இருந்த வில்பிரட் டிராட்டர், எதிரி விமானம் பறக்காமலேயே இருட்டை காட்டி மாதம் 600 பேரை கொன்று விடுகிறான் என்ற அர்த்தத்தில் நொந்து கொண்டார்.

அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை. நடைபாதை ஓரங்களுக்கு வெள்ளை பெயிண்ட் அடித்தார்கள். மரங்களில் வெள்ளை வளையம் போட்டார்கள். வண்டி பம்பருக்கும் வெள்ளை. எஸ்ஸெக்ஸ் பக்கம் ஒரு விவசாயி தன் மாடுகளுக்கே வெள்ளை கோடு போட்டு விட்டார்! ராத்திரி ரோட்டுக்கு போய் அடிபட்டு விடக் கூடாதே என்ற கவலை அவருக்கு. 1940 பிப்ரவரியில் ஊருக்குள் ராத்திரி வேகம் 20 மைல்தான் என்று கட்டுப்பாடு வந்தது.

கைகாட்டி பலகை ஆன மனிதர்கள்

1940 கோடையில் பிரான்ஸ் விழுந்தது. அடுத்து ஜெர்மனி படை இங்கிலாந்தில் இறங்கும் என்று பயம். இறங்கினால் வழி தெரியாமல் தவிக்கட்டும் என்று நாடு முழுக்க ரோட்டோர ஊர்ப் பலகைகளை பிடுங்கி விட்டார்கள். ரெயில் நிலைய பெயர்ப் பலகைகளையும் கழற்றினார்கள்.

எதிரி வரவில்லை. வழி தெரியாமல் தவித்தது சொந்த ராணுவம்தான்!

ஒரு படைப்பிரிவு இடம் மாறுகிறது என்றால் நூற்றுக்கணக்கான லாரிகள் வரிசையாக போகும். பெரும்பாலும் ராத்திரியில். விளக்கு இல்லை, பலகை இல்லை. ஒரு ஜங்ஷனில் ஒரு லாரி தப்பாக திரும்பினால் பின்னால் வருகிற அத்தனையும் அதே பக்கம் போய் விடும். அதனால் ஒவ்வொரு ஜங்ஷனிலும் ஒரு ஆள் நின்றாக வேண்டும். அந்த ஆள்தான் ராணுவ போலீஸ்காரர்.

கையில் வெள்ளை உறை மாட்டிக்கொண்டு, கும்மிருட்டில், மழையில், ரோட்டுக்கு நடுவே நிற்பார். எதிரே மூன்று டன் லாரி. ஓட்டுகிறவன் நேற்று வரை கடையிலோ பண்ணையிலோ வேலை பார்த்தவன். ராணுவத்தில் சேர்ந்த பிறகு அவசர அவசரமாக ஸ்டீயரிங் பிடிக்க கற்றுக்கொண்டவன். இரண்டு ராத்திரி தூங்காமல் இருந்திருப்பான். அந்த கீற்று வெளிச்சத்தில் முன்னால் நிற்கிற மனிதன் கண்ணுக்கு தெரியும்போது பிரேக் பிடிக்க நேரம் இருக்காது.

நிற்பவர் கதை இது. ஓட்டுபவர் கதை இன்னும் மோசம். லாரி வரிசையின் முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் மோட்டார் சைக்கிளில் போக வேண்டும். ஒரு ஜங்ஷனில் நிறுத்தி, வரிசை தாண்டிய பிறகு விரட்டிக்கொண்டு போய் அடுத்த ஜங்ஷனை பிடிக்க வேண்டும். பி.எஸ்.ஏ. எம்-20, நார்ட்டன் 16 எச் என்று கனமான வண்டிகள். இருட்டில், லாரிக்கும் வேலிக்கும் நடுவே புகுந்து போக வேண்டும். தலையில் என்ன? ஆரம்பத்தில் சாதாரண தொப்பிதான்.

இதில் இன்னொரு விஷயம். அங்கே 'ஆட்டோமொபைல் அசோசியேஷன்' என்று வாகன ஓட்டிகள் சங்கம் ஒன்று உண்டு. வழியில் கார் நின்று விட்டால் அவர்களின் ஆட்கள் மஞ்சள் நிற மோட்டார் சைக்கிளில் வந்து சரி பார்ப்பார்கள். போர் வரப் போகிறது என்றதும் இவர்களில் பலரை ராணுவ போலீசின் துணைப் பிரிவில் சேர்த்திருந்தார்கள். ரோடும் தெரியும், வண்டியும் தெரியும் என்பதால்தான். போர் வந்ததும் மஞ்சள் வண்டியை விட்டு விட்டு காக்கி வண்டியில் ஏறினார்கள்.

1944-ல் நார்மண்டி படையெடுப்புக்கு முன் தெற்கு இங்கிலாந்து ரோடுகளில் நிலைமை இன்னும் முற்றியது. அமெரிக்க வீரர்கள் மட்டுமே 15 லட்சத்தை நெருங்கி வந்து இறங்கி இருந்தார்கள். அவர்கள் ஊரில் வலது பக்கம் ஓட்டுவார்கள். இங்கே இடது பக்கம். கற்பனை செய்து பாருங்கள்!

'பணியில் இறந்தாரா?' என்ற கேள்வி

சொந்த நாட்டில் விபத்தில் இறந்தால் அடுத்து என்ன நடக்கும்? போர்க்களத்தில் இறந்தவருக்கு மரண விசாரணை கிடையாது. இங்கே உண்டு. உள்ளூர் விசாரணை அதிகாரி சாட்சிகளை கூப்பிடுவார். லாரி டிரைவர் வருவார், டாக்டர் வருவார். 'விபத்து மரணம்' என்று தீர்ப்பு எழுதுவார்கள். உள்ளூர் பேப்பரில் நாலு வரி வரும். முடிந்தது.

வீட்டுக்காரிக்கு அத்தோடு முடிவதில்லை. பென்ஷன் வேண்டுமே! கையில் பிள்ளைகளோடு நிற்கிறவள் என்ன செய்வாள்?

போரினால் வந்த சாவா, ராணுவ வேலையினால் வந்த சாவா என்று பென்ஷன் இலாகா கேட்கும். டியூட்டியில் ஜங்ஷனில் நின்றபோது லாரி இடித்தது என்றால் பரவாயில்லை. லீவில் வீட்டுக்கு போகும்போது இருட்டில் வண்டி மோதி விட்டது என்றால்? டியூட்டி முடிந்து முகாமுக்கு திரும்பும்போது நடந்தது என்றால்? அங்கேதான் தகராறு. இருட்டு ரெண்டு பேருக்கும் ஒரே இருட்டுதான். ஆனால் பைல் வேறு வேறு.

ஆரம்பத்தில் 'வேலையினால்தான் வந்தது' என்று நிரூபிக்க வேண்டிய பாரம் குடும்பத்தின் தலையில் இருந்தது. கணவனை இழந்தவள் ராணுவ ரகசியங்களை எங்கே போய் தேடுவாள்? நாடாளுமன்றத்தில் சத்தம் கிளம்பியது. முன்னாள் வீரர்கள் சங்கத்தினரும் கொதித்தார்கள். ராணுவத்தில் சேர உடம்பு லாயக்கு என்றால் பென்ஷனுக்கும் லாயக்குதானே என்பது அவர்கள் வாதம்.

கடைசியில் 1943-ல் அரசாங்கம் இறங்கி வந்தது. சந்தேகம் இருந்தால் குடும்பத்துக்கு சாதகமாக முடிவு எடுக்க வேண்டும், இல்லை என்று நிரூபிக்க வேண்டியது இலாகாவின் பொறுப்பு என்று மாற்றினார்கள். இலாகா கை விரித்தால் மேல் முறையீடு செய்ய தனி தீர்ப்பாயம் அமைக்கவும் அதே வருஷம் சட்டம் வந்தது. அதற்குள் எத்தனை வீட்டில் அடுப்பு அணைந்திருக்குமோ!

கல்லுக்கு மட்டும் கேள்வி இல்லை

பென்ஷனுக்கு இத்தனை கேள்வி. ஆனால் கல்லறைக்கு ஒரு கேள்வியும் கிடையாது என்பதுதான் ஆச்சரியம்.

முதல் உலகப்போர் நடந்து கொண்டிருந்தபோதே, 1917-ல், போர் கல்லறைகளுக்கு என்று ஒரு ஆணையத்தை அமைத்தார்கள். பேபியன் வேர் என்பவரின் முயற்சி அது. இன்று அதன் பெயர் காமன்வெல்த் போர் கல்லறை ஆணையம். 17 லட்சம் பேரின் பெயர்கள் அதன் கணக்கில் இருக்கின்றன.

இரண்டாம் உலகப்போருக்கு அவர்கள் வைத்த கெடு: 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை. இந்த தேதிகளுக்குள் ஒருவர் ராணுவப் பணியில் இருந்து இறந்தால் போதும். குண்டு பட்டு இறந்தாலும் சரி, காய்ச்சலில் இறந்தாலும் சரி, லாரி இடித்து இறந்தாலும் சரி. லீவில் இருந்தாலும் சரி, தற்கொலையாகவே இருந்தாலும் சரி. எல்லோரும் ஒரே கணக்கு.

கல்லும் ஒரே அளவு. தளபதிக்கும் லான்ஸ் கார்ப்போரலுக்கும் அதே உயரம், அதே அகலம். இந்த விதியை கொண்டு வந்தபோது பணக்கார குடும்பங்கள் எதிர்த்து பார்த்தன. ஆணையம் மசியவில்லை.

வெளிநாட்டில் இறந்தவரின் உடலை ஊருக்கு கொண்டு வர முடியாது. அங்கேயே அடக்கம். உள்நாட்டில் இறந்தவரை சொந்த ஊர் தேவாலயத்திலேயே அடக்கம் செய்ய குடும்பத்துக்கு வழி இருந்தது. அதனால்தான் பிரிட்டனில் 12 ஆயிரத்துக்கும் அதிகமான இடங்களில் இந்த கல்லறைகள் சிதறி கிடக்கின்றன. பல இடங்களில் ஒன்றே ஒன்று.

கல்லின் அடியில் குடும்பத்தினர் ஆசைப்பட்ட சில வார்த்தைகளை பொறித்துக் கொள்ளலாம். எப்படி இறந்தார் என்பது மட்டும் பொதுவாக கல்லில் இருக்காது. கிராமத்து பொது நினைவுச் சின்னத்தில் பெயர் சேர்ப்பது உள்ளூர் கமிட்டியின் கையில். 'இவர் சண்டையில் சாகவில்லையே' என்று யாராவது ஒருவர் இழுத்தால் போச்சு. விடுபட்ட பெயர்களை தேடிப் பிடித்து ஆணையத்திடம் ஆதாரத்தோடு கொடுக்க 2007-ல் தன்னார்வலர்கள் ஒரு குழுவே ஆரம்பித்தார்கள். ஆயிரக்கணக்கான பெயர்கள் அதன் பிறகு சேர்ந்தன.

இப்போது ஹெல்மெட்டுக்கு வருவோம்

1935 மே மாதம். 'அரேபியாவின் லாரன்ஸ்' என்று உலகமே கொண்டாடிய டி.இ.லாரன்ஸ் தன் மோட்டார் சைக்கிளில் போகும்போது, சைக்கிளில் வந்த இரண்டு பையன்களை தவிர்க்க வண்டியை ஒடித்து தூக்கி எறியப்பட்டார். தலையில் அடி. ஆறு நாள் கண் திறக்காமலே கிடந்து இறந்தார். அப்போது பார்க்க வந்த டாக்டர்களில் ஒருவர் ஹக் கெயர்ன்ஸ். ஆஸ்திரேலியாவில் பிறந்தவர், மூளை ஆபரேஷன் நிபுணர்.

போர் வந்ததும் ஆக்ஸ்போர்டில் ஒரு கல்லூரியையே தலைக்காய ஆஸ்பத்திரியாக மாற்றினார்கள். பொறுப்பு கெயர்ன்சிடம். அங்கே அவர் பார்த்தது என்ன? போர்க்களத்தில் இருந்து வந்த காயங்களோடு, உள்ளூர் ரோட்டில் மண்டை உடைந்த ராணுவ பைக் ஓட்டிகளும் வந்து கொண்டே இருந்தார்கள். ராணுவ போலீஸ்காரர்கள், தகவல் கொண்டு போகிறவர்கள் என்று எல்லோரும் இளைஞர்கள்.

கெயர்ன்ஸ் கணக்கு எடுத்தார். போருக்கு முந்தைய 21 மாதத்தில் பைக் விபத்தில் இறந்தவர்கள் 1,884 பேர். போரின் முதல் 21 மாதத்தில் 2,279 பேர். 21 சதவீதம் அதிகம். ஹெல்மெட் போட்டிருந்து அடிபட்டவர்கள் என்று அவருக்கு கிடைத்தது வெறும் ஏழு பேர். ஏழு பேருமே பிழைத்து விட்டார்கள்!

1941 அக்டோபரில் இதை மருத்துவ இதழில் எழுதினார். அடுத்த மாதமே பிரிட்டிஷ் ராணுவம் உத்தரவு போட்டது. டியூட்டியில் பைக் ஓட்டுகிற ஒவ்வொரு சிப்பாயும் ஹெல்மெட் போட்டே ஆக வேண்டும். அதன் பிறகு பைக் சாவுகள் குறைந்ததையும் கெயர்ன்ஸ் 1946-ல் கணக்கு போட்டு காட்டினார். ஆனால் பொதுமக்களுக்கு கட்டாயம் ஆக்க பிரிட்டனுக்கு 1973 வரை ஆனது. கெயர்ன்ஸ் 1952-லேயே இறந்து விட்டார்.

தமிழ்நாட்டில் 2015 ஜூலை 1 முதல் ஐகோர்ட்டு உத்தரவுப்படி ஹெல்மெட் கெடுபிடி தொடங்கியபோது கடைகளில் கூட்டம் அலைமோதியதே, ஞாபகம் இருக்கிறதா? தலை நசுங்குது, முடி கொட்டுது என்று எத்தனை புலம்பல்! அந்த ஹெல்மெட்டின் பின்னால் 1940, 41-ல் இருட்டு ரோட்டில் மண்டை உடைந்து செத்த சிவப்பு தொப்பிக்காரர்களும் இருக்கிறார்கள்.

நந்தம்பாக்கத்திலும் பார்க்கலாம்

இதே அளவு கல்லை பார்க்க இங்கிலாந்துக்கு போக வேண்டியது இல்லை. சென்னை நந்தம்பாக்கத்தில் மவுண்ட்-பூந்தமல்லி ரோட்டில் போர் கல்லறை இருக்கிறது. பஸ்சில் போகும்போது பலர் பார்த்திருப்பீர்கள். பராமரிக்க முடியாமல் போன பல ஊர் கல்லறைகளில் இருந்து கொண்டு வந்து, 1952-ல் அமைத்த இடம் அது. இரண்டாம் உலகப்போரில் இறந்த 856 பேர் அங்கே இருக்கிறார்கள். தென் இந்தியாவில் தரைச் சண்டை நடக்கவில்லை. அப்படியும் அத்தனை பேர்.

ஆணையத்தின் இணையதளத்தில் பெயரை போட்டு தேடினால் நம்பர், பிரிவு, இறந்த தேதி, எந்த வரிசையில் எந்த கல் என்பது வரை காசு இல்லாமல் கிடைக்கும். எப்படி இறந்தார் என்பது பொதுவாக அதில் இருக்காது. அதற்கு இறப்பு சான்றிதழை தேட வேண்டும். இல்லையென்றால் அந்த ஊர் பழைய பேப்பரில், மரண விசாரணை பற்றி வந்த அந்த நாலு வரியை தேட வேண்டும்.